வெட்ட வெட்டச் சிவக்கும் டாக்வுட்

ஜனவரியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்த வீட்டு முன்வளவைப் பார்த்தாலும் மூன்று நிறம்தான். பனியின் வெள்ளை, இலை கொட்டிய மரங்களின் சாம்பல், உப்புத் தூவிய தெருவோரத்தின் அழுக்குக் கறுப்பு. அதற்கு நடுவே சில வீடுகளில் மட்டும், யாரோ குங்குமம் பூசிய குச்சிகளைக் கொத்தாகக் குத்தி வைத்தது போல ஒரு புதர் நிற்கும். கனடாவுக்கு வந்த புதிதில் அது பெயின்ட் அடித்த அலங்காரக் குச்சி என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கிட்டப் போய் நகத்தால் லேசாகச் சுரண்டியபோது, சிவப்புத் தோலுக்குக் கீழே ஈரமாகப் பச்சை தெரிந்தது. உயிருள்ள செடி!

பெயர் டாக்வுட். நாய்க்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஒன்றும் நம்பும்படியாக இல்லை. தாவரவியல் பெயர் கார்னஸ். மாட்டுக் கொம்பு போன்ற கொம்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள், கட்டை அவ்வளவு இறுக்கம் என்பதால். பனிக்காலம் ஐந்து மாதம் இழுக்கிற ஊரில் முதன்முதலாகத் தோட்டம் போடுகிறவர்கள் என்ன நடலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான். பியோனி இரண்டு வாரம் பூத்துவிட்டுப் போய்விடும். இது பன்னிரண்டு மாதமும் எதையாவது காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் அதற்குத்தான் பலருக்கு மனம் வருவதில்லை. செடியை வெட்ட வேண்டும். கருணை பார்க்காமல் வெட்ட வேண்டும்.

மரமா, புதரா

கடைக்குப் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். டாக்வுட் என்ற பெயரில் மரங்களும் விற்கிறார்கள். வசந்தத்தில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மரம் முழுக்கப் பூக்கும் கார்னஸ் புளோரிடா, ஆசியாவிலிருந்து வந்த கார்னஸ் கௌசா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் மாகாண மலரான பசிபிக் டாக்வுட் எல்லாம் இந்தக் கூட்டம். அவற்றில் இதழ் போலத் தெரிவது உண்மையில் இதழ் அல்ல. போகன்வில்லாவில் நாம் பூ என்று நினைப்பது நிறம் மாறிய இலைதானே, அதே சங்கதி. அந்த மரங்கள் அழகுதான். ஆனால் இங்கே நான் சொல்லப்போகிற வெட்டை அவற்றிடம் காட்டினால் மரம் போய்விடும்.

நமக்கு வேண்டியது தண்டில் நிறம் காட்டும் புதர் வகை. அதில் மூன்று இனங்களை அறிந்தால் போதும். முதலாவது ரெட் ஓசியர் டாக்வுட், கார்னஸ் செரீசியா. இது வட அமெரிக்காவின் சொந்தச் செடி. நியூபவுண்ட்லாந்திலிருந்து அலாஸ்கா வரை ஆற்றோரங்களிலும் ஈரப் பள்ளங்களிலும் தானாகவே வளர்கிறது. ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் ஆற்றுப் பக்கம் மார்ச் மாதத்தில் நடந்தால் கரையோரத்தில் சிவப்புக் கோடு போட்டது போலத் தெரியும். கனடாவின் பூர்வகுடி மக்கள் இதன் தண்டில் கூடை பின்னினார்கள், உள்பட்டையைப் புகைக்கும் கலவையில் சேர்த்தார்கள். இரண்டாவது கார்னஸ் ஆல்பா, சைபீரியா, வட சீனா, கொரியாப் பக்கத்துக்காரர். ஆல்பா என்றால் வெள்ளை. சிவந்த செடிக்கு எப்படி இந்தப் பெயர் என்றால், அதன் காய் வெள்ளை. மூன்றாவது கார்னஸ் சாங்குனியா, ஐரோப்பாவின் வேலியோரச் செடி.

கையில் இருப்பது டாக்வுட்தானா என்று பார்க்க ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. இலை நரம்புகள் விளிம்பை நோக்கி நேராக ஓடாமல், வில் போல வளைந்து நுனிப் பக்கம் போகும். அந்த இலையைக் குறுக்கே பிடித்து மெதுவாக, மிக மெதுவாகப் பிய்த்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளும் முழுதாகப் பிரியாது. நரம்புக்குள்ளிருந்து வெள்ளை நூல் இழுபட்டு, கீழ்த் துண்டு காற்றில் ஊஞ்சல் ஆடும். தாமரைத் தண்டை ஒடித்தால் நூல் வருமே, அது மாதிரி. என் மகளுக்கு இதைக் காட்டிய பிறகு அந்தக் கோடை முழுவதும் செடியில் முழு இலை இருக்கவில்லை.

இன்னொரு தகவல், நம்மவர்களுக்காக. நம் ஊர்க் காடுகளில் நிற்கும் அழிஞ்சில் மரமும் இன்றைய வகைப்பாட்டின்படி இதே கார்னேசியே குடும்பம். விதை கீழே விழுந்து மறுபடி தாய்மரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி ஏறழிஞ்சில் என்பார்களே, அதன் தூரத்துச் சொந்தம்தான் பனியில் சிவந்து நிற்கிறது. சொந்தம் என்பதற்காக டாக்வுட்டைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ முயன்று பார்க்க வேண்டாம். குளிர்ந்து உறங்கக் கிடைக்காத இடத்தில் இது பிழைத்தாலும் நிறம் தராது.

தண்டு ஏன் சிவக்கிறது

கோடையில் இந்தச் செடியைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். தண்டு பச்சையும் மங்கிய சிவப்புமாக, இலைக்குள் ஒளிந்து கிடக்கும். செப்டம்பரில் பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் தோலுக்குள் ஆந்தோசயனின் என்ற நிறமி சேரும். நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் கொடுக்கும் அதே கூட்டம். இலை உதிர்ந்து தண்டில் வெயில் நேராக விழத் தொடங்கினால் நிறம் இன்னும் ஏறும். இதை உங்கள் செடியிலேயே பார்க்கலாம்: டிசம்பரில் ஒரு தண்டைச் சுற்றிப் பாருங்கள், தெற்கே பார்த்த பக்கம் ரத்தச் சிவப்பாகவும் நிழல் பக்கம் ஒரு மாற்றுக் குறைவாகவும் இருக்கும். அதில் அரிசி நொய் ஒட்டியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரியும். நோய் என்று பயப்பட வேண்டாம், அவை செடி மூச்சு விடும் துளைகள்.

இந்த நிறமி செடிக்கு என்ன பயன் என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு இதே ரெட் ஓசியரின் இலைகளை வைத்துச் சோதித்தது. இலை உதிரும் முன் அதிலுள்ள சத்தைச் செடி உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். பச்சையம் உடைந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் கடும் வெளிச்சம் இலையைப் பழுதாக்கும். நீல ஒளியை மிகுதியாகப் பாய்ச்சியபோது, மஞ்சளாக மாறிய இலையை விடச் சிவந்த இலை நன்றாகத் தேறியது. ஆந்தோசயனினால் தடுக்க முடியாத சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. சுருக்கமாகச் சொன்னால் இலைக்குக் குடை.

குளிர் தாங்குவதில் இதற்கு ஈடு சொல்வது கடினம். மைனஸ் 40 டிகிரி சாதாரணம். தாவரங்கள் உறைபனிக்கு எப்படித் தயாராகின்றன என்று 1960களில் ஆராய்ந்தவர்கள் ரெட் ஓசியர் தண்டுகளைத்தான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். குளிருக்கு முழுதாகப் பழக்கப்பட்ட தண்டு திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியிலும் சாகவில்லை. ரொறன்ரோவின் பிப்ரவரியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

இனி முக்கியமான விஷயம். சிவப்பு இருப்பது இளம் தோலில். முதல் பனிக்காலத்துத் தண்டுதான் பளபளக்கும். இரண்டாம் ஆண்டு சுமார். மூன்று நான்கு ஆண்டானால் தோல் தடித்து, தக்கை போலாகி, மண்ணிறமாகிவிடும். நான் வாங்கிய முதல் செடியை அப்படித்தான் கெடுத்தேன். 'நன்றாக வளர்கிறதே, எதற்கு வெட்டுவான்' என்று நான்கு வருடம் கத்தரி படாமல் வைத்திருந்தேன். ஆளுயரம் தாண்டி வளர்ந்து, நுனியில் மட்டும் கொஞ்சம் சிவப்பும் கீழே முழுக்க அழுக்கு மண்ணிறமுமாக நின்றது. விற்ற கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வேறு நினைத்தேன்.

யாழ்ப்பாணத்து வேலியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கிளுவைக் கதியாலும் (வேலிக்கு ஊன்றினால் வேர் விடும் தடி) பூவரசும் ஆட்டுக்குக் குழை வெட்ட வெட்டத்தானே தளதளவென்று புதுத் தடி தள்ளும்? வெட்டாத வேலி மேலே மரமாகிக் கீழே ஓட்டையாகிவிடும். தமிழ்நாட்டுக்காரர்கள் கரும்பில் மறுதாம்பு விடுவதை நினைத்துக்கொள்ளலாம். அடிக்கட்டையும் வேரும் பழையவை, மேலே வருவதெல்லாம் புதியவை. டாக்வுட்டில் நாம் செய்வதும் அதுதான். அறுவடை மட்டும் கண்ணுக்கு.

எப்போது, எவ்வளவு

பனிக்காலம் முழுக்கத் தண்டை அனுபவித்துவிட்டு, மொட்டு உப்பத் தொடங்கி விரிவதற்குள் வெட்ட வேண்டும். ஒன்ராறியோவில் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. இங்கிலாந்தின் லண்டனில் இரண்டு மூன்று வாரம் முந்தி. தோட்டத்தைச் 'சுத்தம்' பண்ணுகிறேன் என்று அக்டோபரில் வெட்டிவிடாதீர்கள். செடி சாகாது, ஆனால் எதற்காக வளர்த்தீர்களோ அந்த ஐந்து மாதமும் மொட்டைத் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

வெட்டும் முறை இரண்டு. முழுமொட்டை என்றால், எல்லாத் தண்டையும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி மொட்டாவது மிஞ்சும்படி வெட்டிவிடுவது. பார்க்கப் பகீரென்று இருக்கும். மே மாதத்தில் ஒவ்வொரு கட்டையிலிருந்தும் மூன்று நான்கு தளிர் கிளம்பி, இலையுதிர்காலத்துக்குள் இடுப்பளவு தாண்டிவிடும். அந்தப் பனிக்காலத்து நிறத்துக்கு நிகர் கிடையாது. ஆனால் விலை ஒன்று உண்டு: பூ போன வருடத் தண்டில்தான் வரும், ஆகவே முழுமொட்டை அடித்த வருடம் பூவும் இல்லை, காயும் இல்லை.

மற்றது மூன்றில் ஒரு பங்கு முறை. ஒவ்வொரு வசந்தத்திலும் மிகத் தடித்த, மிக மங்கிய தண்டுகளாகப் பார்த்து மூன்றில் ஒன்றை அடியோடு எடுத்துவிடுவது. அப்படியே சுழற்சியில் போனால் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட தண்டு செடியில் இருக்காது. பூவும் வரும், பறவைக்குக் காயும் கிடைக்கும், நிறமும் போதுமான அளவு இருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். பெரிய பூங்காவில் ஐம்பது செடி நிற்கும் இடத்தில் முழுமொட்டை கண்கொள்ளாக் காட்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷையரில் ஆங்கிள்சி அபே என்ற தோட்டத்தின் பனிக்கால நடைபாதையில் வெள்ளைத் தண்டு பர்ச் மரங்களும் நிறத்தண்டு டாக்வுட்டுகளும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கவே ஜனவரியில் கூட்டம் போகிறது. நம் இருபதடி வளவில் ஒரே செடியை மொட்டையடித்தால் மே வரை அங்கே ஒன்றுமே இருக்காது.

நட்டு இரண்டு மூன்று வருடம் வேரூன்றும் வரை கத்தரியை எடுக்க வேண்டாம். கத்தரி கூராக இருக்கட்டும். பெருவிரலை விடத் தடித்த கட்டைக்குக் கைவாள்தான் சரி.

ஒரு வருடத்தில் என்னென்ன தெரியும்

ஏப்ரல் கடைசியில் தண்டின் சிவப்பு மங்கும் முன்னரே தளிர் வந்துவிடும். இலையில் வெள்ளைக் கரை போட்ட வகைகள் அப்போது மிக அழகு, காலை வெயிலில் புதர் முழுக்கப் பால் தெளித்தது போலிருக்கும். மே கடைசி, ஜூனில் தட்டையான கொத்துகளாகச் சின்னச் சின்ன வெண்பூ. தனிப்பூவாகப் பார்த்தால் பெரிய அழகென்று சொல்ல மாட்டேன், தேனீக்கள் வேறு கருத்து வைத்திருக்கின்றன. ஆகஸ்டில் வெள்ளைக் காய், சில செடியில் லேசாக நீலம் ஓடியிருக்கும். நமக்கு அது உணவல்ல, வாயில் வைத்தால் கசக்கும். ராபின், சீடர் வாக்ஸ்விங் பறவைகள் வந்து ஒரு கிழமையில் முடித்துவிட்டுப் போய்விடும். செப்டம்பர் கடைசியில் இலை கருஞ்சிவப்பாகும், சிலவற்றில் ஊதா, சாங்குனியா வகையில் மஞ்சளும் செம்மஞ்சளும். அது உதிர்ந்தால் மறுபடி தண்டு. மூன்று வகையைக் கலந்து நட்டால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று முன்னுக்கு நிற்கும்.

எதை வாங்குவது

சிவப்புத் தண்டுக்குப் பழைய நம்பிக்கையான பெயர் 'சிபிரிகா'. சின்ன வளவென்றால் 'ஆர்க்டிக் ஃபயர்' வாங்குங்கள். மூன்று நாலடிக்கு மேல் போகாது, பக்கக்கன்று தள்ளித் தொல்லை தராது. இலையும் தண்டும் இரண்டும் வேண்டுமென்றால் வெள்ளைக் கரை இலை கொண்ட 'எலிகன்டிசிமா', அதன் அடக்கமான தம்பி போல 'ஐவரி ஹேலோ'. மஞ்சள்பச்சைத் தண்டுக்கு 'ஃப்ளாவிரமியா', சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எடுபடும். கறுப்பென்று சொல்லும் அளவுக்குக் கருஊதாத் தண்டுடைய 'கெசல்ரிங்கி' பனி மேல் பார்த்தால் பிரமாதம், பனியில்லாத டிசம்பரில் அங்கே செடி இருப்பதே தெரியாது.

எனக்குப் பிடித்தது சாங்குனியாவின் 'மிட்விண்டர் ஃபயர்'. அடியில் மஞ்சள், நடுவில் செம்மஞ்சள், நுனியில் சிவப்பு. மாலை வெயில் பின்னாலிருந்து விழுந்தால் அடுப்பில் சுள்ளி எரிவது போலத்தான் இருக்கும். ஆனால் மற்றவற்றைப் போல முழுமொட்டையை வருடா வருடம் தாங்காது, மூன்றில் ஒரு பங்கு முறைதான் சரி. பக்கக்கன்றும் தாராளமாகத் தள்ளும். 'கெல்ஸி' என்ற குட்டை வகையை மலிவென்று வாங்கி நான் பட்டது போதும்: தண்டு நிறமும் சுமார், இலைப்புள்ளி நோயும் விடாது.

நடுவது

இடம்தான் பாதி வேலை. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். நிழலிலும் வளரும், ஆனால் நிறம் குறைந்து நெடுநெடுவென்று போகும். பின்னால் கரும்பச்சையாக எதாவது இருந்தால் சிவப்பு எடுக்கும், இங்கே பல வீடுகளில் உள்ள சீடர் வேலி அதற்கென்றே அமைந்தது. அப்புறம், பனிக்காலத்தில் நீங்கள் எங்கே நின்று வெளியே பார்ப்பீர்கள் என்று யோசியுங்கள். பலர் தெருவில் போகிறவர்களுக்காக நடுகிறார்கள். நான் குசினி ஜன்னலுக்கு நேரே நட்டேன், தேத்தண்ணி போடுகிற ஏழு நிமிடமும் அது என் கண்ணில் படும். வாகனப் பாதையிலிருந்து பனியை அள்ளிக் கொட்டும் மூலையில் மட்டும் வேண்டாம், பாரத்தில் தண்டு முறிந்துவிடும்.

மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஸ்காபரோவின் களிமண்ணில், கூரைத் தண்ணீர் வடிந்து வேறெதுவும் அழுகும் இடத்தில்கூட இது சந்தோஷமாக நிற்கும். தாங்காதது நீண்ட வறட்சி. சட்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு குழி, ஆழம் சட்டியளவேதான். இடைவெளி நான்கு ஐந்தடி. அடியில் இரண்டு மூன்று அங்குலம் மரத்தூளோ இலைமக்கோ போட்டு, முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். உரம் அள்ளிப் போட வேண்டாம். மொட்டையடித்த வருடம் ஒரு வாளிக் கம்போஸ்ட் போதும்.

கெடுதல் செய்பவர்களில் முதலாவது முயல். பனி குவிந்தால் அதன் மேல் ஏறி நின்று, கத்தரியால் நறுக்கியது போலச் சாய்வாகத் தண்டைக் கடித்துவிட்டுப் போகும். முதல் இரண்டு பனிக்காலம் கோழிக்கூட்டு வலையால் சுற்றி வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மழை அதிகமான கோடையில் இலையில் ஊதாக் கரை போட்ட புள்ளிகள் வரும். தண்ணீரை அடியில் மட்டும் விட்டு, விழுந்த இலைகளை அள்ளிவிட்டால் செடி சமாளித்துக்கொள்ளும். தண்டில் குழி விழுந்த கருந்தழும்பு தெரிந்தால் அதற்குக் கீழே வெட்டி எறியுங்கள். வெள்ளைக் கரை வகையில் முழுப்பச்சை இலையோடு ஒரு தண்டு கிளம்பினால் உடனே எடுத்துவிட வேண்டும், பச்சைக்கு வலு அதிகம், விட்டால் செடியையே பிடித்துவிடும்.

கதியால் போடுவது

ஒரு செடி வாங்கினால் போதும், மற்றவற்றை நீங்களே உண்டாக்கலாம். இலை உதிர்ந்த பிறகு, பென்சில் தடிப்பில் ஒரு வருடத் தண்டாகப் பார்த்து, ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூட நறுக்குங்கள். மேல்வெட்டைச் சாய்வாகவும் கீழ்வெட்டை நேராகவும் வெட்டினால் எது தலை எது கால் என்று பிறகு குழம்பாது. முக்கால்வாசியை மண்ணுக்குள் இறக்கிவிட்டு அடுத்த இலையுதிர்காலம் வரை ஈரமாக வைத்திருங்கள். சாய்ந்த கிளையை வளைத்து மண் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்தாலும் வேர் விடும். வட அமெரிக்காவில் ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்க ரெட் ஓசியர் தடிகளை அப்படியே கரையில் அடித்து இறக்குகிறார்கள். அசல் கதியால் வேலைதான், பெயர்தான் வேறு. ரூஜ் பூங்காவிலிருந்து மட்டும் ஒடித்து வராதீர்கள், அங்கே செடியில் கை வைக்க அனுமதி இல்லை.

வசந்தத்தில் வெட்டிய தண்டு கட்டுக் கட்டாகச் சேரும். கொஞ்சத்தைப் பூச்சாடியில் வைத்தால் ஒரு வாரத்தில் வீட்டுக்குள்ளேயே துளிர்க்கும். மீதியை ஏப்ரலில் பட்டாணிக் கொடிக்கு ஊன்றுகோலாகக் குத்தினேன், சிக்கனம் என்று. ஜூனில் பார்த்தால் பட்டாணியை விட ஊன்றுகோல் நன்றாக வளர்ந்திருந்தது. பதினொரு குச்சியில் ஏழு வேர் பிடித்து, மரக்கறிப் பாத்திக்கு நடுவே டாக்வுட் வேலி. இப்போதெல்லாம் ஷெட்டுக்குள் ஆறு வாரம் காயப் போட்டு, பயற்றங்காய்க்குத்தான் ஊன்றுகிறேன்.